கண்ணாடிக்காரியின் கோபம்

கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும். எங்களுக்கு மட்டும் அந்தப் பழமொழி செல்லாது. நாங்கள் கோபப்பட்டால் யாரும் குணத்தைத் தேடுவதில்லை, மாத்திரை டப்பாவைத்தான் தேடுகிறார்கள். "போட்டியா?" என்பார்கள். போட்டேன் என்றால், "நிஜமா போட்டியா?" என்பார்கள்.

எங்களுக்கு என்று நான் சொல்வது பைபோலார் உள்ளவர்களுக்கு. சில மாதம் மனசு தரையில் கால் பாவாமல் பறக்கும். தூக்கம் வேண்டாம், சோறு வேண்டாம், ஊரையே விலைக்கு வாங்கிவிடலாம் போல இருக்கும். சில மாதம் பல் தேய்க்க எழுந்திருப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாகிவிடும். நடுவில் நீண்ட காலத்துக்கு உங்களைப் போலத்தான் இருப்போம், நல்ல நாளும் கெட்ட நாளுமாக. அந்த நடுக்காலத்தை மட்டும் ஒருத்தரும் நம்புவதில்லை. என் எரிச்சல் எல்லாம் அதில்தான்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுப்பவள். அடுத்தவர் கோபம்தான் எனக்குச் சோறு போடுகிறது. குழாயில் தண்ணீர் வராத கோபம் வேறு, பக்கத்து வீட்டுக் குழாயில் மட்டும் வருகிற கோபம் வேறு. பெண்டாட்டியிடம் காட்ட முடியாததை என்னிடம் காட்டுகிறவனை முதல் ஹலோவிலேயே பிடித்துவிடுவேன். ஆகவே கண்ணாடிக்காரியின் கோபத்தைப் பற்றி நான் பேசினால், விஷயம் தெரிந்தவள் பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அவள் கடையில் கண்ணாடி வெட்டுகிறவள். ஜன்னலுக்கு, அலமாரிக் கதவுக்கு, மேஜைக்கு மேலே போட, முகம் பார்க்க, எல்லாம் அவள் கைதான். கடை அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு அண்ணன் கல்லாவில், தங்கை வெட்டு மேஜையில். அந்த மேஜை கடையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். மேலே பழைய கம்பளம் விரித்திருக்கும். அதில் கண்ணாடியைக் கிடத்தி, அளந்து, அளவுகோலை அழுத்திப் பிடித்து, எண்ணெயில் தொட்ட வெட்டுக்கோலை ஒரே இழுப்பு இழுப்பாள். கோட்டுக்கு அடியில் லேசாகத் தட்டி, மேஜை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் கேட்ட அளவில் இரண்டாகிவிடும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பையைப் போட்ட இடமே அந்த மேஜைக்கு அடியில்தான். வாயும் அதற்கேற்ற வாய். "உங்க ஜன்னல் கோணலுங்க, என் கண்ணாடி கோணல் இல்ல" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்வாள். அவர் வீட்டுக்குப் போய் ஜன்னலை அளந்துவிட்டுத் திரும்பி வருவார்.

சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு முதல் தடவை வந்தது. தெருவே இருட்டாக இருக்கிறதாம், எல்லா வீட்டுச் சுவரிலும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்தால் வெளிச்சம் இரட்டிப்பாகுமாம். லாரி நிறையக் கண்ணாடி வரவழைத்துவிட்டாள். அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்பார்வையிலேயே வெட்டினாள். எதிர்வீட்டுச் சுவரில் ஏணி போட்டு ஏறி, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். அண்ணன்தான் இறக்கினார், அண்ணன்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த மாதங்களில் அவரும் அண்ணியும்தான் சோறு ஊட்டினார்கள். அதை மறைக்க எனக்கு மனசில்லை. செய்ததைச் செய்தார் என்று சொல்லிவிட்டுத்தான் திட்டப் போகிறேன்.

மருந்து பிடிபட்டு அவள் தேறியதும் டாக்டர் எங்கள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். சுகாதார நிலையத்தின் மாடியில் ஓர் அறை, சத்தம் போடுகிற மின்விசிறி, வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். சனிக்கிழமை மதியம் எங்களைப் போன்றவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காருவோம். நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் நர்ஸ், அவரைச் சிஸ்டர் என்போம். இன்னொருவர் பஸ் ஓட்டியவர், அவரை டிரைவர் என்போம், அவருக்கும் எங்கள் வியாதிதான். முதல் நாளே அவர் சொன்னார்: "வண்டி நம்மளுது. பிரேக் எங்க இருக்குன்னு நமக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். பக்கத்து சீட்டுக்காரன் காலை நீட்டி மிதிக்க முடியாது."

அங்கே உபதேசம் எதுவும் கிடையாது. நேரத்துக்குத் தூங்குவது எப்படி, மருந்தை மறக்காமல் இருப்பது எப்படி, வருகிறதை வாசலிலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதுதான். முதல் அறிகுறி ஆளுக்கு ஆள் மாறும். சமையல் மாஸ்டர் ஒருவர் இருந்தார், அவர் போட்ட உப்பையே திரும்பவும் போடுவாராம். நான் என்றால், புகார்காரர் வாயைத் திறக்கும் முன்பே அவருடைய புகாரை நானே சொல்லி முடித்துவிடுவேன். கண்ணாடிக்காரி சொன்னாள்: "நான் அளக்காம வெட்டுவேன். தூக்கம் போறதுக்கு முன்னாடியே எனக்கு அளவுகோல் போயிடும்." சிஸ்டர் அவளைப் பார்த்து, "இதைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்றார்.

எங்கள் பயிற்சியில் 'நல்ல குரல்' என்று ஒரு வேலை உண்டு. நன்றாக இருக்கிறபோது, நமக்கு நம்பிக்கையான ஒருவருடைய போனில் நம் குரலிலேயே பேசிப் பதிந்து கொடுத்துவிட வேண்டும். மனசு பறக்கிறபோது யார் சொன்னாலும் காதில் ஏறாது. சொந்தக் குரல் சொன்னால் ஒருவேளை ஏறும். எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது, என்னையும் ஒரு தடவை. குடும்பத்தார் வருகிற வாரத்தில் அவளுடைய அண்ணன் வந்து, போனை அவள் வாய்க்கு அருகே நீட்டினார்.

"அண்ணா, நான் அளக்காம வெட்டினா, தூங்காம சுத்தினா, எரிஞ்சு எரிஞ்சு விழுந்தா, அது நான் இல்ல. நான் என்ன சொன்னாலும் கேட்காதே. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடு."

சொல்லி முடித்து அவள் அழுதாள், அண்ணன் அழுதார், மாஸ்டர் மூக்கைச் சிந்தினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாட்சி.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் தொடங்கியது. கடையில் ஏதோ வேடிக்கைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தால், அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கொஞ்சம் ஜாஸ்தியா சிரிக்கிறியே, நேத்து தூங்கினியா?" என்பாள். புதுச் செருப்பு வாங்கினால், "இப்ப எதுக்கு செருப்பு?" பாட்டு முணுமுணுத்தால் அண்ணன் கல்லாவிலிருந்து திரும்பிப் பார்ப்பார். சிரிக்காமல் இருந்தால் அதற்கும் ஒரு பார்வை உண்டு. அவள் பொறுத்துப் போனாள். சோறு ஊட்டிய கைகளாயிற்றே.

ஒரு நாள் காலையில் அவள் கடைக்கு வந்தபோது மேஜையில் வேறு ஓர் ஆள் வெட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"இனிமே நீ பில் போட்டா போதும்மா" என்றார் அண்ணன். "கண்ணாடி வேலை உனக்கு வேணாம். உன் நல்லதுக்குத்தான்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். அவர் ஓநாய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆடு அன்றைக்கு நனையவும் இல்லையே! பயிற்சியை முடித்து, தூக்கம் ஒழுங்காகி, மருந்து ஒழுங்காகி, ஒரு கண்ணாடிகூட வீணாக்காமல் வெட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

அவள் கத்தினாள். கத்தாமல் என்ன செய்வாள்? "என்னைக் கேட்காம எப்படி எடுப்பே? இது என் மேஜை!" என்று கத்தினாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். புது ஆள் பார்த்துக்கொண்டிருக்க, வாடிக்கையாளர் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய குரலையே அவள் முகத்துக்கு முன்னால் ஓடவிட்டார். எரிஞ்சு எரிஞ்சு விழுந்தா, அது நான் இல்ல. நான் என்ன சொன்னாலும் கேட்காதே.

அவள் வாய் அப்படியே நின்றுபோனது. நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அண்ணன் வாடிக்கையாளரிடம் திரும்பி, "அவ்வளவுதாங்க, அடங்கிட்டா. நீங்க அளவு சொல்லுங்க" என்றாராம்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவள் முகத்தைத் தூக்கினால் அவர் பையில் கை வைப்பார். கோபப்பட்டால் நோய் வந்துவிட்டது. நோய் இல்லை என்று வாதாடினால் நோய் முற்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டால் மருந்து வேலை செய்கிறது. அந்த மூன்றில் எதிலும் மேஜை இல்லை.

ஒரு மதியம் என் அலுவலக கேன்டீனுக்கு வந்தாள். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேட்கிறேன், மறைக்காம சொல்லுங்க. எனக்கு நிஜமாவே மறுபடியும் வந்துடுச்சா?"

"ஏன் கேட்கிற? தூங்குறியா?"

"தூங்குறேன்."

"மனசு ஓடுதா?"

"இல்லக்கா. ஆனா எந்நேரமும் கோபம் கோபமா வருது. என் குரலே சொல்லுதே, அது நான் இல்லன்னு. தினம் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"அளந்துதானே வெட்டுற?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எதைக்கா அளக்கிறது? மேஜையே இல்லையே."

மேஜையைப் பிடுங்கியது ஒரு பாவம் என்றால், அவள் கோபத்தை அவளே நம்ப முடியாமல் செய்தது அதைவிடப் பெரிய பாவம். இத்தனை பாடுபட்டு எங்களை நாங்களே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா?

"இந்த சனிக்கிழமை பழைய ஆளுங்க கூட்டம் இருக்கு. உங்கண்ணனைக் கூட்டிட்டு வா" என்றேன்.

"வரமாட்டார்க்கா."

"உன்னைப் பத்திப் புகார் சொல்லலாம்னு சொல்லு. ஓடி வருவார். புகார்க்காரங்களை எனக்குத் தெரியும்."

வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில், வாத்தியாரைப் பார்க்க வந்த அப்பா மாதிரி வந்து உட்கார்ந்தார். முறை வந்ததும் ஆரம்பித்தார். "தங்கச்சிக்குத் திரும்பவும் வந்துடுச்சு சிஸ்டர். எப்பப் பாரு கோபம். ஒரு வார்த்தை கேட்டா எரிஞ்சு விழறா. நீங்களே கேளுங்க." போனைத் தட்டினார். அந்தக் குரல் மறுபடியும் அறையைச் சுற்றி வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்துவிட்டேன், மாஸ்டர்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

டிரைவர் நிதானமாகக் கேட்டார். "தூங்குறாங்களா?"

"தூங்குறா."

"மாத்திரை?"

"என் வீட்டுக்காரி பக்கத்துல நின்னு பார்க்கிறா. தவறாம போடறா."

"கண்டபடி அலைச்சல், கண்டபடி வாங்கிக் குவிக்கிறது?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்ப என்னதான் பண்றாங்க?"

"அதான் சொல்றேனே, கோபம்."

"எதுக்குக் கோபம்?"

அண்ணன் உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "இந்த வியாதில எதுக்குன்னெல்லாம் இருக்குமா சார்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. குழாயில் தண்ணீர் வராததற்குக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறவனிடம்கூட, எந்தத் தெரு, எந்த நாளிலிருந்து வரவில்லை என்று நாங்கள் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். ஒரே வயிற்றில் பிறந்தவளிடம் இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை!

"மேஜையை எடுத்துட்டே" என்றாள் அவள். தலை இன்னும் குனிந்துதான் இருந்தது.

"உன் நல்லதுக்குத்தானேம்மா..."

"மேஜையை எடுத்துட்டே." இப்போது நிமிர்ந்துவிட்டாள். "என்னைக் கேட்காம எடுத்தே. ஊர்ப்பட்ட ஆளுங்க முன்னாடி என் குரலைப் போட்டு என் வாயையே அடைச்சே. நம்பி உன்கிட்ட கொடுத்தேன் அண்ணா அதை! போன வாரம் கரண்ட் ஆபீஸ்காரனை நார் நாரா கிழிச்சியே, உன்கிட்ட யாராவது மாத்திரை போட்டியான்னு கேட்டாங்களா? உனக்கு வந்தா கோபம், எனக்கு வந்தா வியாதியா?"

சிஸ்டர் குறுக்கே பேசவில்லை. அவள் குரல் கீழே மருந்து கொடுக்கிற ஜன்னல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அண்ணனுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. "பயமா இருக்கும்மா" என்றார். "நீ ஏணி மேல நின்னப்ப நான் கீழ நின்னேன். உன் கை ரத்தம் என் முகத்துல சொட்டுச்சு. இப்ப நீ கண்ணாடியைத் தூக்கினாலே எனக்கு அந்த ஏணிதான் தெரியுது. கண்ணை மூடினா அதுதான் வருது. தூங்கவே முடியல."

எனக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. அவள் விடவில்லை.

"பயம் உனக்கு. மாத்திரை எனக்கா?"

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணன் கண்ணைத் துடைத்தார். அவள் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"அண்ணா, எனக்கு முதல்ல போறது அளவுகோல். இதே ரூம்ல சொன்னேன், நீயும் கேட்டே. நான் அளக்கிறேனா இல்லையான்னு மேஜையில நின்னாத்தானே தெரியும்? பார்க்கவேண்டிய இடத்தை எடுத்துப் போட்டுட்டு, எதைப் பார்த்துட்டு இருக்கே நீ? என் மூஞ்சியையா?"

அவர் கையிலிருந்த போனைக் காட்டி அவள், "அதை அழிச்சுடு" என்றாள்.

"அதை எப்படிம்மா? நாளைக்கே நிஜமா முடியாம போனா?" சிஸ்டர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

"குரல் அவங்களோடது" என்றார் சிஸ்டர். "இப்ப அவங்க நல்லா இருக்காங்க, நீங்களே எல்லாத்துக்கும் பதில் சொன்னீங்க. அழிக்கச் சொன்னா அழிக்கணும்."

அழித்தார். விரல் அதைத் தொடுவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு, "வேற ஒண்ணு பேசிக் கொடு. கோபத்தை விட்டுட்டு மத்ததை மட்டும் சொல்லு" என்றார்.

"கொடுப்பேன். முதல்ல மேஜை வரட்டும். அப்புறம் உன்மேல நம்பிக்கை வரட்டும்."

மேஜை அவளிடம் வந்தது. அதற்குள் அண்ணன் எத்தனை சாக்குச் சொன்னார் என்று எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும். புது ஆளை வீடுகளுக்குப் போய்க் கண்ணாடி மாட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். அவனுக்கும் அதுதான் பிடித்திருந்ததாம். ஆனால் அண்ணன் கல்லாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், மேஜையைப் பார்த்தபடி. அவள் ஒவ்வொரு தடவை கோடு இழுக்கும்போதும் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வாராம். "பார்த்துட்டுப் போகட்டும்கா. அளக்கிறதைத்தானே பார்க்கிறார்" என்றாள். அப்படிச் சொன்னாலும் அவளுக்கு ஆறவில்லை. எனக்கும்தான்.

போன மாதம் என் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அளவெடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன். நான் போன நேரம் வாசலில் சரக்கு லாரி நின்றிருந்தது. இறக்கி வைத்த கண்ணாடிகளின் விளிம்பை அவள் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான்காவதில் நின்றாள், ஐந்தாவதில் நின்றாள். பிறகு லாரிக்காரரைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், எதிர்க்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனதை நான் பார்த்தேன். பழகிய கை. பைக்குள் போன் இருந்தது, போனுக்குள் அந்தக் குரல் இல்லை. அவர் கையை வெளியே எடுத்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அண்ணி உள்ளேயிருந்து ஏதோ கேட்கப் போனாள். அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

பிறகு தங்கையிடம் வந்தார். "எதுக்கும்மா கோபம்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். விளிம்பெல்லாம் தெறித்த சரக்கை அனுப்பியிருக்கிறார்கள், இதை வெட்டினால் கோடு எங்கோ ஓடும், கை கிழியும் என்று ஆரம்பித்தாள். லாரிக்காரர் மெல்ல வண்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார், அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கேட்காமல் எடுத்த மேஜைக்குப் போனாள், கல்லாப் பக்கத்து நாற்காலிக்குப் போனாள், அவள் சிரித்த சிரிப்பையெல்லாம் அளந்து பார்த்ததற்குப் போனாள், நல்ல குரலைப் போட்டு அவளை அடக்கிய ஒவ்வொரு தடவைக்கும் போனாள். கத்திக் கத்தி அவள் குரல் கம்மிவிட்டது. அண்ணன் வெயிலில் நின்றுகொண்டு கடைசி வரைக்கும் கேட்டார்.